இசையறைக்கு ஏற்ற விளக்கு

இசை செவிக்குரியது, ஒளி கண்ணுக்குரியது. ஒன்றன் புலத்தில் மற்றொன்று புகுதற்கு இடமின்மையின், இசை கேட்டற்கென்று வீட்டில் ஒதுக்கிய அறையில் விளக்கு எத்தகையதாயினும் ஆவதொன்றில்லை என்று கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாமையை, மயிலாடுதுறையில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரது இல்லத்தில் ஈராண்டுக் காலத்துள் நிகழ்ந்தவற்றைக் கொண்டு அன்பர்கள் தெளியலாம்.

அவ்வாசிரியர் எழுபதாண்டு கடந்தவர். முற்றமும் தாழ்வாரமும் உடைய அவரது பழைய வீட்டில், முற்றத்தை அடுத்து 14 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள அறை ஒன்று உண்டு. அதன் வாயிற்படி தரையினின்றும் நான்கு விரற்கடை உயர்ந்தது. பழைய வீடுகளில் இஃது இயல்பு. தந்தையார் வைத்துப்போன அரக்குத் தட்டுக்களும், தாமே நாற்பதாண்டுகளாகத் தேடிச் சேர்த்த நீள்தட்டுக்களும் அவ்வறையில் நிறைந்துள்ளன. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையவர்களின் நாகசுரமும், ஓதுவார் பலர் பண்முறையில் பாடிய தேவாரமும் அவற்றுட் சிறந்தன. அவர்தம் மனைவியாரோ இளமையிலே தம் தந்தையாரிடம் தேவாரம் ஓதப் பயின்றவர். கணவர் தட்டை வைப்பார். அம்மையார் திருமுறை நூலை மடிமேல் விரித்து, பாடலுக்கு ஏற்ப விரலை நகர்த்திச் செல்வார். பாடுவோர் ஒரு சீரை விட்டாலும், ஒரு சொல்லை மாற்றினாலும், உடனே விரலை உயர்த்துவார். அதுகண்டு ஆசிரியர் ஊசியை எடுத்துவிட, இருவரும் பாடம் எதுவென ஆராய்வர். இருவர்க்கும் அதுவே பொழுதுபோக்கும் வழிபாடும் ஆகும்.

அறையில் நெடுநாள் இருந்தது ஒரே குழல்விளக்கு. அதன் சோக்கு எனப்படும் உறுப்பு இடையறாது முரலும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை திசைமாறி மீளுவது. ஒவ்வொரு மீள்விலும் விசை இருமுறை ஓங்குதலின் அம்முரற்சி நொடிக்கு 100 அதிர்வுடையதாகும். ஏனையோர் செவிக்கு அது படுவதில்லை. சுருதியிற் பழகிய செவிக்கோ, தம்பூரின் அருகே மற்றொருவன் வேறு சுருதியில் முணுமுணுத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆசிரியர்க்கு இது நெடுநாட் குறை. பணியினின்று ஓய்வுபெற்ற பின்னர் ஒருநாள் அக்குழல்விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, இனி இருளிலே கேட்பதென்று முடிவு செய்தார்.

இருளிற் கேட்டல் புதுவதன்று. செருமானிய நாட்டுப் பைராய்த்து நகரில் ரிச்சர்டு வாக்னர் 1876-ஆம் ஆண்டில் திறந்த இசைநாடக அரங்கில், அவையோர் இருக்கும் பகுதியை இருளாக்கினர்; இசைக்கருவியாளரையும் கண்ணிற்படாத பள்ளத்தில் மறைத்தனர். அதற்குமுன் அவ்வரங்குகளில் அவையோர் ஒருவரையொருவர் கண்டு அளவளாவுதற்கே ஒளி வேண்டப்பட்டது. நாடகம் பார்ப்பதனினும் நாடகத்திற்கு வந்தாரைப் பார்ப்பதே பலர்க்கு நோக்கமாயிருந்தது. இந்நிலை எந்நாட்டிலும் உள்ளதே. நம் நாட்டில், 1938-இல் மறைந்த வீணை தனம்மாள், சென்னைச் சார்ச்சுடவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வாசித்தபோது, வந்தவர் மூச்சுவிடும் ஓசையும் மிகையென அடங்கியிருந்து கேட்டனர் என்பர். வீணையின் மெல்லொலி அத்துணை அமைதியை வேண்டிற்று. அவ்வமைதியைச் செவிக்கேயன்றிக் கண்ணுக்கும் தருதல் நலமென்று ஆசிரியர் எண்ணினார். முதிர்ந்த எலிகளைச் சின்னாள் இருளில் வைத்தபோது அவற்றின் மூளையிற் செவிப்புலன் பகுதி கூர்மையுற்றதென 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றையும் அவர் எடுத்துக்காட்டுவார். எலிக்கு உற்றது மாந்தர்க்கும் உறுமென்பதற்கு அது சான்றாகாது. ஆயினும் விரும்பியதற்குச் சான்று தேடுவார்க்கு எலியும் போதியது.

அம்மையார் இதற்கு ஒரு சொல்லும் மறுத்துரைத்திலர். “இருட்டே நன்றாயிருக்கிறது, நீங்கள் கேளுங்கள், நானும் கேட்கிறேன்” என்றார். நூலை மட்டும் வழக்கம்போல மடிமேல் வைத்துக்கொள்வார். இருளில் நூல் எதற்கென்று ஆசிரியர் ஒருமுறையும் வினவவில்லை. விரல் உயர்வதும் நின்றுபோயிற்று. இருளில் விரல் தெரியாமையால் அது நின்றதென்றே அவர் எண்ணினார்.

ஐப்பசித் திங்களில் அடைமழை பெய்த ஓர் இரவில் மேகராகக்குறிஞ்சிப் பதிகம் ஒன்றை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். மழை வேண்டிப் பாடப்பெறும் அப்பண்ணை மழைக்கு நடுவே கேட்பதில் ஆசிரியர் தம்மை மறந்திருந்தார். அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வர அம்மையார் எழுந்து நடந்தார். வாயிற்படி காலை இடறிற்று. வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

முறிந்த எலும்பு ஆறு கிழமையில் கூடிற்று. அம்மையார் பக்கத்திலிருந்த பொருளையும் காணாது தடுமாறுவதை மருத்துவமனையில் ஒருவர் கண்டு, கண் மருத்துவரிடம் அனுப்பினார். கண்ணழுத்த நோய் பக்கப் பார்வையைப் பெரும்பாலும் கவர்ந்துவிட்டதென்பது அங்கே தெரிந்தது. அந்நோய் வலியின்றி வருவது. ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகத் தின்று வருவதால், நோயுற்றாரே நெடுநாள் அறியமாட்டார். இழந்த பார்வை மீளாது. சொட்டுமருந்தால் எஞ்சியதைக் காக்கலாம். மங்கலொளியில் நடப்பதும், ஒளியினின்று இருளுக்கும் இருளினின்று ஒளிக்கும் மாறுவதும், மிக்க கூசொளியைத் தாங்குவதும் இந்நோயுடையார்க்கு அரியன. அம்மையார்க்கோ புரையும் தொடங்கியிருந்தது.

அன்றிரவு அம்மையார் உண்மையைக் கூறினார். ஓராண்டுக்கு மேலாகவே நூலில் எழுத்துக்கள் புகைபோலத் தெரிந்தன. நெட்டுருவாய் இருந்ததனால் விரலை மட்டும் ஒப்புக்கு நகர்த்திவந்தார். சொன்னால் கணவர் வருந்துவார், மகன் பெங்களூரிலிருந்து வேலையை விட்டு ஓடிவருவான் என்று மறைத்தார். கணவர் விளக்கைக் கழற்றியபோது, தம் குறையை எவரும் காணாதபடி இருள் மூடிக்கொண்டதே என்று உள்ளூர ஆறுதலுற்றார். தாம் இசையின்பத்துக்கென்று அமைத்த இருள், மற்றொருவர்க்குத் துன்பத்தை ஒளித்துவைக்கும் இடமாக இருந்ததை ஆசிரியர் அப்பொழுதே அறிந்தார். நான்கு திங்கள் அவ்வறையில் தட்டுச் சுழலவில்லை.

மகன் வந்தான். அவன் அன்பிற் குறைவில்லாதவன். விரைவு மட்டும் சிறிது மிகுதி. “அப்பா, இனி இங்கே இருட்டென்பதே இருக்கக்கூடாது” என்று சொல்லி, உத்தரங்களை மறைத்து ஃபால்ஸ் சீலிங் எனப்படும் பொய்க்கூரை வேய்ந்து, அதில் எட்டு எல்.இ.டி. விளக்குக்களைப் பதித்து, ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் டிம்மர் ஒன்றும், ஒலிபெருக்கிகளின் பின்னே இசைக்கேற்ப நிறம் மாறும் நாடாவிளக்கும் வைத்து, மூன்றே நாளில் ஊர் திரும்பினான்.

அவ்வெட்டு விளக்குக்களும் வெயிலை அறைக்குட் கொணர்ந்தன. அம்மையார் உள்ளே வந்ததும் முன்றானையாற் கண்ணை மறைத்துக்கொண்டார். எங்கே அமர்ந்தாலும் இரண்டு விளக்கேனும் நேரே கண்ணில் வந்து குத்தின. விளக்குக்களுக்குக் கீழே விசிறி சுழன்றமையால், அதன் அலகுகள் ஒளியை வெட்டி வெட்டி நூலின்மேல் நிழலை ஓடவிட்டன. மயிலாடுதுறையில் விசிறியை நிறுத்திவிட்டு இசை கேட்பார் மார்கழியிலன்றி இலர். டிம்மரைத் திருகினாலோ ஒலிபெருக்கியில் வண்டு நுழைந்தாற்போன்ற இரைச்சல். இத்தகைய கருவி ஒளியைக் குறைப்பது, மின்னலையின் ஒவ்வொரு பாதியையும் நொடிக்கு 100 முறை குறுக்கே அறுத்தே ஆகும். அவ்வறுப்பினின்று தெறிக்கும் மின்கலக்கம் கம்பிவழி ஆம்பிளிபயரை அடையும். இசைத்தட்டின் ஊசிமுனை தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. சிலவகை ஊசிகளில் அதனினும் பத்திலொரு பங்கே. அத்துணை நுண்ணிய ஓசையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் கருவி, அதனோடு கலந்த இரைச்சலையும் பெருக்காது விடுமோ?

நிறம் மாறும் நாடாவைப் பற்றி ஒன்று கூறல் தகும். உருசிய நாட்டு இசைப்புலவர் ஸ்கிரியாபின் 1910-இல் இயற்றி முடித்த ‘புரோமிதியூசு’ என்னும் இசையில் நிறவொளிக்கென்றே ஒரு பகுதியை வரைந்துவைத்தார். 1915-இல் நியூயார்க்கு நகரில் அதனைத் திரைமேல் நிறங்கள் வீழ்த்தியும் நிகழ்த்தினர். அது நன்றாயினும் தீதாயினும், எவ்விடத்து எந்நிறம் என்பதை இசையை ஆக்கியவரே வகுத்தார். இந்நாடாவோ ஓசையின் வன்மை ஒன்றையே அறியும். தவில் முழங்கினாற் செந்நிறமாய்த் துள்ளும். நாகசுரத்தின் நீண்ட மெல்லிய இழைப்பில் அணைந்து கிடக்கும். சிறந்த இடம் எதுவோ அவ்விடத்தில் உறங்குவதே அதன் இயல்பாயிற்று. ஆசிரியர் அதனை முதலிற் கழற்றி, பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்தார்.

பின்னர் அவர் கண் மருத்துவரிடம் மீண்டும் சென்று, நோய் பற்றியன்று, விளக்குப் பற்றி வினவினார். மருத்துவர் கூறியது சிறிதே: ஒளி நூலின்மேல் விழவேண்டும், கண்ணின்மேல் விழலாகாது, அறை முழுதும் கரிய இருளாயும் நூல் மட்டும் வெளிச்சமாயும் இருத்தலும் ஆகாது. கண்ணொளியும் விளக்கொளியும் கூடியே பொருளைக் காண்டல் கூடுமென்பது சித்தாந்த நூலார் பெரிதும் எடுத்தாளும் உவமை. அவ்வுவமையை நாற்பதாண்டு வகுப்பறையில் விளக்கிய ஆசிரியர், கண்ணொளி குறைந்தார்க்கு விளக்கொளி எத்துணை வேண்டுமென்று கணக்கிட்டாரல்லர். இருபது அகவையார் கண்ணின் உள்திரையை எய்தும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது அகவையார்க்கு எய்துமென்பர். வில்லை மஞ்சளித்துத் தடித்தலும் பாவை சுருங்குதலும் காரணம். ஒரு மெழுகுதிரி ஒரு மீட்டர் தொலைவில் வீழ்த்தும் ஒளி ஏறத்தாழ ஒரு லக்ஸ். முழுநிலவின் ஒளி அதில் நான்கிலொரு பங்கு. நூல் படித்தற்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். முதியோர்க்கு அதனினும் மிகும். கூரை விளக்கால் இதனைப் பெற முயன்றால் அறை முழுதும் கூசும். விளக்கை நூலுக்கு அணித்தாகக் கொணர்ந்தாலோ எளிது. தொலைவு பாதியாயின் ஒளி நான்மடங்காகும். 3 அடியில் இருந்ததை ஒன்றரை அடிக்கு இறக்கினால், வேறு விளக்கு வாங்காமலே நான்கு விளக்கின் பயன் கிடைக்கும்.

இதனை அறிந்தபின் அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். அம்மையாரின் நாற்காலிக்கு இடப்பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னே, கழுத்து வளையும் விளக்கொன்றை நிறுத்தி, உள்ளே வெள்ளையும் புறத்தே கருமையும் ஆகிய மூடி அமைத்தார். அமர்ந்தார் கண்ணுக்கு மின்குமிழ் தெரியலாகாது என்பதே அவர் கொண்ட விதி. தாமே அந்நாற்காலியில் அமர்ந்து நோக்கியபோது சரியாயிருந்தது. அம்மையார் அமர்ந்தபோது, அவர் உயரத்திற் குறைந்தவராதலின், மூடியின் கீழ் விளிம்பு வழியே குமிழ் கண்ணில் பட்டது. விளக்கு எவர்க்கோ அவரே அமர்ந்து பார்த்தல் வேண்டும் என்னும் இவ்வெளிய செய்தியைக் கடைக்காரரும் கூறுவதில்லை, நூல்களும் கூறுவதில்லை.

குமிழின் நிறம் பற்றி அவர்க்கும் மகனுக்கும் தொலைபேசியில் நெடும்பேச்சு நிகழ்ந்தது. மகன் பதித்தவை 6500 கெல்வின் என்று குறித்த நீலவெண்மை. மெழுகுதிரிச் சுடர் 1900 அளவினது. பழைய இழைவிளக்கு 2700. எண் ஏற ஏற ஒளி குளிர்ந்து தோன்றும் என்பது கேட்பார்க்கு முரணாகும். காய்ச்சிய இரும்பு முதலிற் சிவந்து, வெம்மை ஏற ஏற வெளுப்பதை நினைந்தால் முரண் நீங்கும். மங்கலான அறையில் நீலவெண்மை பிணத்தின்மேல் வீழ்ந்த ஒளிபோலத் தோன்றுதலும், அதே மங்கலில் இளஞ்செம்மை இனிதாதலும் ஒல்லாந்து நாட்டு அறிஞர் குரூயித்தோஃப் 1941-இல் எழுதிய செய்தி. பிற்கால ஆராய்ச்சியாளர் அவர் வரைந்த எல்லைகளை முற்றும் ஒப்பவில்லை. ஆயினும் இரவில் நீலம் மிக்க ஒளி உறக்கத்தைக் கெடுக்குமென்பது உறுதியாக அறியப்பட்டது. இசை கேட்டபின் உறங்கவேண்டிய முதியோர்க்கு அது தள்ளத்தக்கதே. முடிவில் அறைக்கு 2700-உம் படிக்கும் விளக்குக்கு 4000-உம் என்று தந்தையும் மகனும் இசைந்தனர். படிப்பதற்குச் சற்று வெண்மையே நன்றென்று தேர்ந்தவர் அம்மையார். இரண்டு குமிழையும் மாற்றி மாற்றி இட்டுக் காட்டியபோது, கருவெழுத்து வெண்டாளினின்று எதில் எழுந்து நிற்கிறதோ அதனையே வேண்டினார்.

எட்டு விளக்குக்களில் ஆறு அணைந்தன. சுவரோரத்து இரண்டனுக்கு மட்டும் 2700 அளவின் குமிழ் இட்டு, அவற்றை ஒலிபெருக்கிகளின் பின்னுள்ள சுண்ணச்சுவரை நோக்கித் திருப்பினார். சுவர் ஒளிர, அறை மென்மையாயிற்று. டிம்மரை எடுத்தெறிந்து, ஒளி குறைந்த குமிழையே வாங்கினார். தணிக்க வேண்டாத விளக்கே இரையாத விளக்கு. தட்டுச் சுழலும் மேசைக்கு மட்டும் சிறுவிளக்கு ஒன்று சாய்வாக வைத்தார். நேர்மேலிருந்து விழும் ஒளியில் தட்டின் வரிகள் தெரியா. சாய்வாக விழும் ஒளியிலோ தூசியின் ஒவ்வொரு துகளும் நிழல்கொண்டு நிற்கும். பழைய இழைவிளக்கைத் தட்டுக்கு அணித்தாக வைத்தலாகாது; அதன் வெப்பத்தால் தட்டு வளையும். காலை வெயிலும் அங்ஙனமே வளைக்கும்.

காலை வெயில் என்றதும் மற்றொன்று கூறவேண்டியுள்ளது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்தல் மரபு. புறநீர்மை விடியற்குரியது; மேகராகக்குறிஞ்சி இரவுக்குரியது; செவ்வழி இரண்டற்கும் பொது. இவ்வறையிற் புறநீர்மைக்குக் கிழக்குச் சாளரமே விளக்கு. அம்மையார் கண்ணுக்கு அவ்வொளி எல்லா மின்விளக்கினும் இனியதாயிருந்தமையின், தட்டு அடுக்கிய நிலைப்பேழையையே வெயில் படாத மேற்குச் சுவருக்கு மாற்றி, நாற்காலியைச் சாளரத்துக்கு முதுகுகாட்டி அமைத்தார் ஆசிரியர். ஒரு முழு நாள் அதற்குச் செலவாயிற்று.

அதிர்வும் ஒரு தொல்லை. புதிய விளக்கின் தகட்டு மூடி மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு குறித்த சொல் விழுந்தபோதெல்லாம் கிணுகிணுத்தது. அறையிலுள்ள பொருளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்து, குற்றவாளி மூடியே என்று கண்டபின், விளிம்பில் சிறிது கம்பளித்துணி வைத்தாற் போதியதாயிற்று. மிருதங்கத்தின் ஓசையில் இசைக்கணக்கிற்கு இயைந்த மேலோசைகள் உளவென்று 1920-இல் எழுதியவரும், ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவரும், முதுமையிற் கண்ணின் காட்சி பற்றி நூல் எழுதியவரும் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் ஒருவரே. அவர் இவ்வறையில் இருந்திருப்பின் விரலால் தடவாமலே கூறியிருப்பார் என்று ஆசிரியர் நகைத்தார். வீட்டில் நகையொலி கேட்டு நெடுநாளாயிற்று.

எஞ்சியது வாயிற்படி. அதனருகே சுவரின் அடியில் ஒரு வாட் அளவில் சிறு விளக்கொன்று இரவெல்லாம் எரியுமாறு அமைத்தார் மின்பணியாளர். படியின் விளிம்புக்கு வண்ணம் தீட்டலாமென அவர் கூறியபோது அம்மையார், “வண்ணம் எதற்கு? தலைவாயிற்படிக்கு வெள்ளிதோறும் மஞ்சள் பூசுகிறேனே, இதற்கும் பூசிவிட்டாற் போகிறது” என்றார். கருங்கல் தரைக்கும் மரப்படிக்கும் நடுவே அம்மஞ்சட் கோடு, குறைந்த பார்வைக்கும் நன்கு புலப்பட்டது. குத்துவிளக்கை இவ்வறையில் வைக்கவேண்டுமென்ற அவர்தம் விருப்பம் மட்டும் நிறைவேறவில்லை. விசிறிக்காற்றிற் சுடர் நில்லாது. புகை தட்டின்மேற் படியும். அது பூசையறையிலேயே நிற்க, கதவைத் திறந்துவைத்து அதன் ஒளியை இங்கிருந்தே காண்பதென்று இருவரும் இசைந்தனர்.

மார்கழியில் ஓர் இரவு. விசிறி நின்றிருந்தது. சுவரொளி, தோளருகே விளக்கு, தட்டின்மேற் சாய்ந்த சிற்றொளி, அப்பால் மஞ்சட் கோடு. பெரிய எழுத்தில் அச்சிட்ட திருமுறை நூல் அம்மையார் மடியில் விரிந்திருந்தது. மூன்றாம் பாடல் முடிந்து நான்காவது தொடங்கிற்று. ஆசிரியர் கண்ணை மூடியிருந்தார்.

“இங்கே பாருங்கள்” என்றார் அம்மையார். “இரண்டாம் அடியில் நூலில் வேறு பாடம் இருக்கிறது.”

ஆசிரியர் கண்ணைத் திறந்தார். அம்மையாரின் விரல் உயர்ந்திருந்தது. எழுந்து சென்று ஊசியை எடுத்தார்.